ஞானத்தாயின் சாட்சி

தொண்ணூற்றாறில் பிரிஜெட்டுக்குக் கல்யாணம் கூடிவந்தது. பெங்களூர் விவேக் நகர்க் கோயிலில் அடுத்த ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசிக்க வேண்டும். வாசிக்க ஞானஸ்நானச் சீட்டு வேண்டும். அதுதான் அவளிடம் இல்லை. இலங்கையில் மன்னார்ப் பக்கம் அவள் ஊர்க் கோயில் போரில் பூட்டிக் கிடந்தது. போட்ட மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. சண்டை பிடிக்கிறவர்களுக்கு ஒருத்தியின் கல்யாணத்தைப் பற்றி என்ன கவலை!

"ஞானஸ்நானத்தப்போ கூட இருந்தவங்க யாராவது வந்து சத்தியம் பண்ணாப் போதும்மா," என்றார் பங்குச்சாமியார்.

அப்படி ஒருத்தி இருக்கத்தான் செய்தாள். ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் பெலிசித்தா, இப்போது காக்ஸ் டவுன் கன்னியர் மடத்தில் சமையல்காரி. ஆனால் அவளோடு பிரிஜெட் பேசி ஆறு வருஷம். அகதிகளாக வந்த படகில் தண்ணீர் ஏறியபோது, பிரிஜெட்டின் தகரப் பெட்டியைக் கடலில் தள்ளிய மகராசி அவள்தான். சீட்டும் அதில்தான் இருந்தது. செத்துப்போன அம்மாவின் ஒரே படமும் அதில்தான்.

"செத்தாலும் அவவிட்டப் போகமாட்டன்," என்றாள் பிரிஜெட்.

"நீ செத்துட்டா நான் யாரக் கட்டிக்கறது? ஆட்டோ நிக்குது, ஏறு," என்றான் மாப்பிள்ளை குணசேகர், கோலார் தங்கவயல்காரன்.

பெலிசித்தா விஷயத்தைக் கேட்டாள். ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். நடுவில் குணசேகரை நெருக்கிவைத்து, இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் தெருவைப் பார்த்தபடி வந்தார்கள். பாவம், அவன் பாடு திண்டாட்டம்.

சாமியார் பைபிளை நீட்டினார். "நல்லா ஞாபகம் இருக்காம்மா?"

"மறப்பனோ, சாமி? தலையில தண்ணி பட்டதும் இவள் கையை உதறி, எங்கட ஊர்ச் சாமியாரின்ர கண்ணாடியத் தொட்டிக்குள்ள தட்டிவிட்டவள். இவளின்ர தாய் சிரிப்பை அடக்க ஏலாம என்ர தோளில முகத்தைப் புதைச்சவ. அந்தச் சாமியாரும் சிரிச்சிட்டார்."

சாமியார் புன்னகையோடு எழுதிக் கையெழுத்துப் போட்டார். குணசேகர் எழுந்தான். பிரிஜெட் எழவில்லை. கடலோடு போன அந்தப் படத்தில் அம்மா விறைப்பாக நின்றிருந்தாள். அவள் இப்படிச் சிரிப்பாள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. பிரிஜெட்டுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"பிள்ளை, அந்தப் பெட்டி..." என்று தொடங்கினாள் பெலிசித்தா.

"பெட்டிய விடுங்கோ, மாமி," நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள் பிரிஜெட். "அண்டைக்கு அம்மா என்ன சீலை உடுத்தியிருந்தவ?"

"பச்சை. என்னட்ட இரவல் வாங்கினது. நீ அதில பாலைக் கக்கி வச்சாய்," என்றாள் பெலிசித்தா.