குளியலறை வெளிச்சம்

என் வீட்டுக்காரர் சிவபாண்டிக்கு வயசானவர்கள் என்றால் உயிர் என்று ஊருக்குள் ஒரு நல்ல பெயர் இருக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு உயிர் வயசானவர்கள் மேல் இல்லை, அவர்கள் முகத்துச் சுருக்கத்தின் மேல்.

வாரம் முழுக்க ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கேமராப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மம்சாபுரம், அய்யனார் கோவில் போகிற வழி, ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடி என்று எங்கே ஒரு கிழவனோ கிழவியோ உட்கார்ந்திருந்தாலும் எதிரே போய்க் குத்தவைத்துவிடுவார். அவர்கள் பாவம், கேமராவைக் கண்டதும் தலையைத் தடவிவிட்டு, சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு சிரிப்பார்கள். சிரிக்கக் கூடாது என்பார். கண்ணாடியைக் கழற்றச் சொல்வார். ஒருமுறை ஒரு கிழவியைப் பல்செட்டையே கழற்றச் சொன்னார், பக்கத்தில் நின்ற எனக்கு அந்த இடத்திலேயே நாண்டுகொண்டு சாகலாம் போல் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு சுருக்கங்களை இன்னும் கறுப்பாக்குவார். கண்ணோரத்துப் பீளை தெளிவாக விழுந்திருந்தால் அன்றைக்கு அவருக்கு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும். எனக்கு ஒன்றும் இறங்காது.

இன்னொரு பைத்தியம் பழைய விமானம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே ஒரு கல்லூரியில், பிள்ளைகள் பார்த்துப் படிப்பதற்காக ஒரு பழைய பயிற்சி விமானத்தை வாங்கி நிறுத்தியிருக்கிறார்கள். சக்கரத்தில் காற்று இல்லை, கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது, இறக்கைக்கு அடியில் புல் முளைத்துக் கிடக்கிறது. அதைப் படம் பிடிக்க அனுமதி கேட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு அந்தப் பிரின்சிபால் வீட்டுக்கும் ஆபீஸுக்குமாக அலையாய் அலைந்தார். அனுமதி கிடைத்த பிறகும், படம் எப்படி வரும் என்று அவரிடம் போய்க் காட்டிவிட்டு வந்தார். இந்த மரியாதையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசில்லை.

வீட்டில் என் மாமனார் இருக்கிறார். வேல்பாண்டி ஏட்டு என்றால் மம்சாபுரத்தில் இன்றைக்கும் தெரியும். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மீசையை முறுக்காமல் தெருவில் இறங்கமாட்டார். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரை வெறும் மேலோடு பார்த்ததில்லை. என் கொலுசுச் சத்தம் கேட்டாலே துண்டை எடுத்துப் போர்த்திக்கொள்வார். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு வருகிறது, குழறலாக. குளிப்பாட்டவும் கழுவிவிடவும் ஆள் வேண்டியிருந்தது. சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம் என்றதற்கு ஒரே பிடியாக மறுத்துவிட்டார். பெற்ற மகன் ஒருவன் கை மட்டும்தான் தன் மேல் படலாம் என்றார்.

என் வீட்டுக்காரரும் முகம் சுளிக்காமல் செய்தார். வேலைக்குப் போகும் முன் வெந்நீர் விளாவி, அப்பாவை அணைத்துக் கூட்டிப்போய், கதவைச் சாத்திக்கொள்வார். அந்த ஒன்றுக்காகவே அவருடைய மற்ற கிறுக்குகளையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த மாசம் அவருடைய போட்டோ கிளப் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபம் பிடித்துக் கண்காட்சி வைத்தது. இவர் படத்துக்கு முதல் பரிசு. என்ன படம் என்று கேட்டதற்கு வந்து பார் என்றார். உங்கள் படம்தான் என்று மட்டும் மாமாவிடம் சொன்னார். மாமாவுக்கு அந்த வாரம் முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. பொங்கலன்று வெள்ளைச் சட்டையோடு நாற்காலியில் உட்கார வைத்து எடுத்த படம் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். நாவிதரை வீட்டுக்கு வரவழைத்து மீசைக்கு டை அடித்துக்கொண்டார். கூட வேலை பார்த்த உக்கிரபாண்டி ஏட்டுக்குப் போன் போடச் சொல்லி, மண்டபத்துக்கு வந்துவிட வேண்டும் என்று குழறிக் குழறி அழைத்தார்.

கார் பிடித்துப் போனோம். உக்கிரபாண்டி வாசலிலேயே நின்று, மாமாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

மண்டபத்தின் நடுச்சுவரில் இரண்டு படங்கள், ஒரே சட்டத்துக்குள். இடது பக்கம் அந்த விமானம். வலது பக்கம் என் மாமா. எங்கள் வீட்டுக் குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். சோப்பு எரிச்சலுக்குக் கண்ணை மூடியிருக்கிறார். ஈரம் சொட்டுகிறது. கைலி அவிழ்ந்து தொடைக்குக் கீழே கிடக்கிறது. வலது கை செத்துத் தொங்குகிறது. வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் நூலாக இறங்குகிறது. மேலே ஜன்னலிலிருந்து விழுந்த வெளிச்சம் அந்த எச்சிலில் பட்டு மின்னுகிறது. கீழே ‘இனிப் பறக்காதவை’ என்று அச்சடித்திருந்தார்கள்.

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எச்சிலைப் பார்த்து அல்ல. அதைத் தினமும் துடைப்பவள் நான். தகப்பன் அம்மணமாக உட்கார்ந்திருக்கும்போது, அவர் மேல் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கேமராவை எடுத்து, வெளிச்சம் சரியாக விழும்வரை காத்திருந்த அந்தப் பொறுமையை நினைத்துத்தான் குமட்டியது.

கிளப் தலைவர் பொன்னுராஜ் படத்துக்கு முன்னால் நின்று, எச்சிலை விரலால் சுட்டி, இதுதான் இந்தப் படத்தின் உயிர் என்று நாலு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவர்களும் தலையாட்டினார்கள். உக்கிரபாண்டி ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, தன் செருப்பைப் பார்க்கத் தொடங்கினார்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இடது கையைத் தூக்கி, ஏற்கனவே போட்டிருந்த கழுத்துப் பட்டனைத் திரும்பவும் போட முயன்றார்.

நான் என் வீட்டுக்காரரை ஓரமாக இழுத்து, அந்தப் படத்தை உடனே கழற்றச் சொன்னேன்.

“முகம் பாதி இருட்டுலதான இருக்கு. யாருக்குத் தெரியப் போவுது? இது அவருக்குப் பெருமைதான்,” என்றார். கேடயம் கையில் இருந்தது. சொல்லிவிட்டு, அந்தப் படத்துக்குப் பக்கத்தில் அப்பாவை நிறுத்தி இன்னொரு படம் எடுக்கலாமா என்று பொன்னுராஜைக் கேட்டார்.

மாமாவின் தோளில் கிடந்த துண்டை உருவி, அந்தச் சட்டத்தின் மேல் போட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும். மாமா என் பக்கம் சாய்ந்து, “வீட்டுக்குப் போவோம் தாயி,” என்றார். நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் பொன்னுராஜ் துண்டை எடுத்து மடித்து, ஒரு பையனிடம் கொடுத்தனுப்பிவிட்டார்.

இரவு மாமா சாப்பிடவில்லை.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் வழக்கம் போல வெந்நீர் விளாவிவிட்டுக் கூப்பிட்டார். மாமா கட்டிலைவிட்டு அசையவில்லை. இவர் வந்து தோளைத் தொட்டதும் இடது கையால் தட்டிவிட்டார். கேமரா பீரோவில் பூட்டியிருக்கிறது, வேண்டுமானால் பாருங்கள் என்று இவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். மாமா அந்தக் கைகளைப் பார்க்கவே இல்லை.

“நீ போலே,” என்றார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். துண்டைத் தேடவில்லை. “நீ வா தாயி. நீயே ஊத்து.”

அணைத்துக் கூட்டிப்போய் ஸ்டூலில் உட்கார வைத்தேன். கண்களை இறுக மூடிக்கொண்டார். மூடிய இமைக்கு வெளியே தண்ணீர் வந்தது. நான் சொம்பை எடுத்துத் தண்ணீர் மொண்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

“மொதல்ல கதவச் சாத்து தாயி. அங்கன அவன் நிக்கான்.”