தோங்குக்கு வஞ்சம் தெரியாது

"சுமாலி, வந்து தட்டுடி. சோறு ஆறுது," என்றாள் வான்னா.

கூடத்தில் வெள்ளைச் சவப்பெட்டி. அதன் தலைமாட்டில் ஒரு தட்டில் சோறு, மீன் புளிக்குழம்பு, பொரித்த முட்டை. எரிக்கும் நாள்வரை வேளாவேளைக்குப் பெட்டியைத் தட்டிச் செத்தவரைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். இரண்டு நாளாக மூத்தவள் வான்னாதான் தட்டினாள். நாளைக் காலையில் எரித்துவிடுவார்கள்.

"நீயே தட்டேன்க்கா."

"ஏன், கை தேஞ்சிடுமா? உனக்கும் அவர்தானே அப்பா!"

சுமாலி அப்பா என்று கூப்பிட்டு ஏழு வருஷம் ஆகிறது. லாரி ஓட்டுகிறவனைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது, "போனா திரும்பி வராதே" என்றார் அப்பா. "நீங்க செத்தாலும் வரமாட்டேன்" என்று இவள் கத்தினாள். பஸ் வரைக்கும் வாலாட்டிக்கொண்டே பின்னால் வந்தது வீட்டு நாய் தோங். அப்பா மேலிருந்த ஆத்திரத்தில் அதன் மேல் கல்லை வீசினாள். காது கிழிந்து ரத்தம் கொட்டியது.

நேற்று பஸ்ஸை விட்டு இறங்கியபோது சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தோங் மட்டும் அந்தக் கிழிந்த காதோடு ஓடி வந்து, தாங்க முடியாத சந்தோஷத்தில் அவள் காலிலேயே மூத்திரம் பெய்தது. நாய்க்கு மறதியா, மன்னிப்பா என்று அவளுக்கு விளங்கவில்லை.

"அப்பா தோங்கைச் செருப்பால அடிப்பாரு," என்றாள் வான்னா, குழம்பைக் கிளறியபடி. "அரை மணியில காலடியில வந்து படுத்துக்குவான். 'இந்தப் புத்தி எனக்கும் இல்ல, என் சின்னவளுக்கும் இல்ல'ம்பாரு. உன் போன் நம்பரைக் கேட்டு எழுதிக்கூட வச்சிருந்தாரு. மனுஷன் ஒரு தடவை கூடப் பண்ணல."

சுமாலி பெட்டியருகே போனாள். விரல் முட்டியால் மூன்று தடவை தட்டினாள். சாப்பிடக் கூப்பிடவில்லை.

ரப்பர் தோப்புப் பக்கமிருந்து தோங் தலைதெறிக்க ஓடி வந்தது. அப்பா வாசல் படிக்கட்டில் மூன்று தட்டு தட்டித்தான் அதற்குச் சோறு வைப்பார். பெட்டி மூடியைப் பார்த்து உட்கார்ந்து வாலால் தரையை அடித்தது.

"தட்டுறப்பல்லாம் இப்படித்தான். வருவான், உட்காருவான். அவரு ஒரு வாய் வைக்காம இவன் தொடமாட்டான். ரெண்டு நாளா பட்டினி."

"அப்பா..." என்றாள் சுமாலி. "சாப்பிட வாங்கப்பா. நான்தான் கூப்பிடுறேன்."

தோங்கின் கிழிந்த காது நிமிர்ந்தது. வால் இன்னும் வேகமாக ஆடியது. பார்வை பெட்டி மூடியை விட்டு நகரவில்லை.

வான்னா ஒரு கிண்ணத்தில் சோறும் மீனும் பிசைந்து நாயின் முன்னால் வைத்தாள். அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சுமாலிக்கும் ஒரு தட்டு போட்டாள். அவள் அதைத் தள்ளிவைத்துவிட்டுத் தோங்கின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, யாரும் சொல்லாமலே, கையை நீட்டிப் பெட்டியை இன்னொரு தடவை தட்டினாள்.