புறாவுக்குப் பின்னால்

1943 ஜூன் 12, சனிக்கிழமை காலை, சுங்கை பட்டாணிக்கு ஆறு மைல் தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், ஜப்பான்காரர்கள் போடும் சயாம் ரயில் பாதைக்குப் போக வேண்டிய மணமாகாத ஆண்களின் பட்டியல் ஒட்டப்பட்டது. லாரி திங்கட்கிழமை வரும்.

அன்று நண்பகல், சுங்கை பட்டாணியை ஒட்டிய பாக்கார் ஆராங்கில் இருந்த குழந்தைவேலு பத்தரின் பட்டறைக்கு உபதேசியார் இஞ்ஞாசிமுத்துவும் அவர் மகள் அகத்தாவும் நடந்தே வந்து சேர்ந்தார்கள். பட்டியலில் ஜெரார்டின் பெயர் இருந்தது. அகத்தாவுக்கும் அவனுக்கும் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பான மூன்று ஓலையும் வாசித்தாகிவிட்டது. கல்யாணத்தை நாளைக்கே வைத்துக்கொள்ளச் சாமியார் சம்மதித்துவிட்டார். தாலிதான் இல்லை. அதற்கென்று வைத்திருந்த பொன் போன மாதமே அரிசியாகிவிட்டது.

அகத்தா ஒரு பழைய இருபது காசு வெள்ளி நாணயத்தை நீட்டினாள். "இதுல செய்ங்கண்ணே. முன்னால பரிசுத்த ஆவிப் புறா, பின்னால ரெண்டு பேரோட மொத எழுத்து."

"புறா அச்சு எங்கிட்ட ஏதும்மா? அன்னம் இருக்கு, மயில் இருக்கு."

"அன்னத்துக்குக் கழுத்து நீளம். கொஞ்சம் கொறைச்சா புறாதானே?"

பத்தர் சிரித்துவிட்டார். அச்சுளியின் முனையிலிருந்த அன்னத்தின் கழுத்தை அரத்தால் ராவிக் குட்டையாக்கினார். நாணயத்தைப் பழுக்கக் காய்ச்சித் தட்டி, ராஜா தலை மறையும் வரை மெலித்து, தாலி வடிவில் வெட்டினார். அச்சை நடுவில் வைத்து ஒரே அடி. புறா சுத்தமாக விழுந்தது. இஞ்ஞாசிமுத்து குனிந்து பார்த்துத் தலையசைத்தார்.

தாலியைத் திருப்பிப் போட்டுச் சிற்றுளியை எடுத்தார் பத்தர். இருபத்திரண்டு வருஷமாக எந்த நகையில் எழுத்து வெட்டினாலும் அவர் கை முதலில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் எழுத்துக்குப் போகும். இன்றைக்கும் போட்டது. சுழியும் அடிக்கோடும் விழுந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

மேலே ஒரு கொடியும் இலையும் தட்டி மறைத்துவிடலாம். உபதேசியார் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தார். பிறகு உளியைக் கீழே வைத்தார்.

"ஒரு தப்பு நடந்துபோச்சு, உபதேசியாரே."

இஞ்ஞாசிமுத்து வாங்கிப் பார்த்தார். முகம் இறுகியது. "இதை எப்படிங்க பீடத்துல வைக்கிறது? சாமியார் திருப்பிப் பாப்பாரே. உருக்கி மறுபடி செய்ங்க."

"உருக்க வெங்காரம் வேணும். அது கண்ணுல பட்டு அஞ்சு மாசமாச்சு. அது இல்லாம உருக்குனா வெள்ளி பொரிஞ்சு போயிடும். ராவி எடுத்தா ஓட்டை."

"அப்ப ஜெரார்ட் சயாமுக்குப் போகட்டும்ங்கறீங்களா ரெண்டு பேரும்?" என்றாள் அகத்தா.

பத்தர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு சாண் வெள்ளிக்கொடி இருந்தது. தன் அரைஞாணிலிருந்து வெட்டியது. அதை அடித்து, தாலியைவிட ஒரு நூல் அகலமாகத் தகடாக்கினார்.

"இதைப் பின்னால வெச்சு ஓரத்தை மடிச்சுத் தட்டிடறேன். பத்தவைக்க வேண்டியதில்ல. எழுத்து இந்தத் தகட்டுல வரும். ஆனா சுழி உள்ளதான் இருக்கும். அதையும் சொல்லிடறேன்."

இஞ்ஞாசிமுத்து தாலியைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். வாசல் வெயில் உலைக்கல் வரை வந்துவிட்டது. இருட்டுமுன் தோட்டம் போய்ச் சேர வேண்டும்.

"இருக்கட்டும்," என்றார் கடைசியில். "சாமியார்கிட்ட நானே சொல்லிக்கறேன், உள்ள ஒருத்தர் இருக்காருன்னு. புறாவும் அவருமா ரெண்டு பேரும் காவல் காக்கட்டும்."

பத்தர் மறுபடி சிற்றுளியை எடுத்தார்.

"பத்தரே, இந்தத் தடவை நேரா எழுத்துக்குப் போயிடுங்க லா," என்றார் இஞ்ஞாசிமுத்து.

அகத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பத்தர் இடக்கைப் பெருவிரலைத் தகட்டின் தலைமாட்டில், சுழி விழும் இடத்தில், அழுத்தி வைத்துக்கொண்டு, 'அ', 'ஜெ' இரண்டையும் தட்டி முடித்தார்.

ஞாயிறு காலைப் பூசையில் சாமியார் தாலியை மந்திரித்தார். உபதேசியார் சொன்னதைக் கேட்டுவிட்டு, தாலியைத் திருப்பிப் பார்க்காமலே ஜெரார்டிடம் நீட்டினார். திங்கட்கிழமை ஏழு மணிக்குத் தோட்டத்து எழுத்தரான கிராணி கோயில் கல்யாணச் சான்றைப் பார்த்து, பட்டியலில் ஜெரார்டின் பெயரைக் கோடிட்டு அடித்தார். லாரி எட்டரைக்குப் புறப்பட்டது. ஜெரார்ட் அன்று தோட்டத்துப் பத்தாம் நம்பர் மலையில் மரவள்ளி நட்டான்.