ஆறாவது ஆள்

கல்லைப் பதித்த மூன்றாம் நாள் காலையில் பூவம்மாள் என்னைச் சாவடிக்குக் கூப்பிட்டாள். "இதுல இன்னா எழுதியிருக்குது, படிச்சிச் சொல்லுங்கண்ணே" என்றாள். நான் மணியக்காரரிடம் எழுத்து வேலை பார்ப்பவன். ஊரில் யாருக்குக் கடுதாசி வந்தாலும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அவள் புருஷன் வேலு தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலையை உதறிவிட்டு, பட்டாளத்துக்குக் கோவேறு கழுதை ஓட்டப் போனவன். பஸ்ராவிலிருந்து அவன் போட்ட இரண்டு கடுதாசிகளையும் நான்தான் படித்தேன். மூன்றாவது வரவில்லை. அதற்கும் நாலு வருஷம் ஆகிவிட்டது.

கல் என்னவோ அழகாகத்தான் இருந்தது. பட்டணத்திலிருந்து வைக்கோல் சுற்றி ஆம்பூர் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து தோல் ஏற்றுகிற மாட்டு வண்டியில் வந்த வெள்ளைச் சலவைக்கல். மேலே ஒரு கிரீடம், நடுவில் இங்கிலீஷ், அடியில் தமிழ். 'இக்கிராமத்திலிருந்து 41 பேர் மகா யுத்தத்துக்குச் சென்றார்கள். அவர்களில் 6 பேர் உயிர் கொடுத்தார்கள்.' அவ்வளவுதான். பெயர் என்று ஒன்றுகூடக் கிடையாது. பக்கத்து ஊர்க் கல்லிலும் இதே வாசகம், எண் மட்டும் வேறு. பெயரெல்லாம் போட்டால் செலவு ஜாஸ்தியாகும் என்று நினைத்தார்களோ என்னவோ, சர்க்கார் புத்தி நமக்கு எட்டுமா? படித்துச் சொன்னேன்.

பூவம்மாள் விரலை மடக்க ஆரம்பித்தாள். "கவுஸ் பாஷா ஒண்ணு. காசிநாதன் ரெண்டு. செண்பகம் புள்ள மூணு. ரத்தினசாமி தம்பி நாலு. ஜோசப்பு அஞ்சு." தந்தி வந்த வீடுகள் அந்த ஐந்துதான். அடுத்த கை விரலை மடக்காமல் என்னைப் பார்த்தாள். "ஆறாவது யாருண்ணே?"

ஆறு என்று எழுதியவனே நான்தான். தாலுகாவிலிருந்து வந்த காகிதத்தில் இரண்டே கட்டம், போனவர், இறந்தவர். திரும்பி வந்தவர்கள் முப்பத்தைந்து, தந்தி வந்தது ஐந்து, மிச்சம் ஒருத்தன் இடித்தான். காணாமல் போனவனுக்குச் சர்க்கார் கட்டம் போடவில்லை. கணக்கு நேராக வர வேண்டுமே என்று வேலுவைத் தூக்கி இரண்டாவது கட்டத்தில் போட்டுவிட்டேன். பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் காகிதத்தை யார் படிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அது கல்லாகி ஊர் நடுவில் வந்து நிற்கும் என்று கண்டேனா?

நிஜத்தைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் பங்காளி வீட்டுப் பெண்கள் வந்து அவள் தாலியை அறுத்துவிடுவார்கள். அவளுக்கு வயது இருபத்தாறு. வேலு எந்த ஊர் ஆஸ்பத்திரியிலாவது கிடந்து நாளைக்கே வந்து நின்றால்? வாய் தானாகப் பொய் சொன்னது. "அது வேற ஆளும்மா. வாலாஜாபேட்டையிலேர்ந்து பொழப்புக்கு வந்தவன். நம்மூர்ல பேரு குடுத்துட்டுப் போனான். அவனுக்குன்னு யாரும் இல்ல."

அவள் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். "ஐயோ பாவம்" என்றாள். "அழக்கூட ஆள் இல்லியா?" பிறகு தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டாள். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். வெட்கமாகவும் இருந்தது.

ஆடி அமாவாசை வந்தது. அவரவர் வீட்டில் படையல் என்பதால் மத்தியானம் சாவடிப் பக்கம் ஈ காக்கை இல்லை. பூவம்மாள் மட்டும் கல்லுக்கு முன்னால் தலைவாழை இலை போட்டிருந்தாள். சோறு, மொச்சைக் குழம்பு, வாழைக்காய் வறுவல், வடை. ஓரத்தில் ஒரு கட்டு பீடி. என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அந்த ஆறாவது ஆளுக்குத்தாண்ணே. பசியோட அலையக் கூடாதில்ல?"

கற்பூரத்தை ஏற்றினாள். படையல் போட்டால் போனவரைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவள் கை கூப்பியபடி சும்மா நின்றாள். "நீங்க கூப்புடுங்கண்ணே" என்றாள்.

"நானா? அவன் பேரு..." என்று இழுத்தேன். அவசரத்துக்கு ஒரு பெயரும் வாயில் வரவில்லை.

"எனக்குத் தெரியும்ணே. நான் அந்தப் பேரச் சொல்லக் கூடாது."

சாவடித் தூணைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அத்த இன்னும் பொழுதுபோனா கதவு தாப்பாப் போடறதில்ல, புள்ள வந்து தட்டுவான்னு" என்றாள் மெதுவாக. "அது கண்ண மூடுற மட்டும் வூட்டுல இப்படியே இருந்துட்டுப் போறேன். வெளிய சொல்லிடாதீங்க. கற்பூரம் அணையறதுக்குள்ள கூப்புடுங்கண்ணே, சோறு ஆறிப்போவுது."

நான் கல்லின் பக்கம் திரும்பினேன். "வேலு, சாப்பிட வாப்பா" என்றேன். பூவம்மாள் இலைக்கு எதிரே உட்கார்ந்து, செம்பிலிருந்த தண்ணீரை டம்ளரில் ஊற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு முந்தானையால் ஈ ஓட்ட ஆரம்பித்தாள். கை அசைய அசைய அவளுடைய கண்ணாடி வளையல்கள் குலுங்கிக்கொண்டே இருந்தன.