இரைச்சல் நீக்கம்

கேமரா வாங்கலாம் என்று சொல்லித்தான் சைக்கிள் மெக்கானிக் தன் மனைவியைக் கடைக்குக் கூட்டி வந்தான். வந்த பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கேமராக்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"தம்பி, நான் பேசுறது மட்டும் பதிவாகணும். பின்னாடி ஒரு ரேடியோ ஓயாம பாடிட்டிருக்கும். அது வரக் கூடாது."

"அதை அணைச்சு வைக்க முடியாதாண்ணே?" என்றான் கடைக்காரன்.

"அணைக்கிற பொத்தானை அவங்கப்பா குடுத்தனுப்பல."

கடைக்காரனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவளைப் பார்த்துவிட்டு, வந்த சிரிப்பை விழுங்கினான்.

அவளுக்கும் புரிந்தது. மெக்கானிக் ஸ்பானரைப் பிடிப்பான், அவள் போனைப் பிடிப்பாள். இப்படித்தான் அவனுடைய சேனலில் ஏறும் வீடியோக்கள் உருவாயின. "முதல்ல பிரேக் கம்பியைக் கழட்டுங்க", "வாஷரைத் தேடாதீங்க, உங்க முட்டிக்குக் கீழதான் கிடக்கு" என்று பின்னாலிருந்து அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவள் முகத்தை யாரும் பார்த்ததில்லை. அந்தக் குரல் மட்டும் பட்டறையை விட்டு வெளியே போய், முன்பின் தெரியாத வீடுகளில் எல்லாம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தது. போன மாதம் ஒரு வீடியோவுக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'பின்னாடி பேசுற அக்காவுக்காகத்தான் பார்க்கிறேன்.' அதைப் படித்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைக்காரன் சட்டையில் மாட்டும் குட்டி மைக் ஒன்றை எடுத்துக் காட்டினான். "இது போதும்ணே. ஆனா அக்கா குரல் கொஞ்சம் வரத்தான் செய்யும். அதுக்கு எடிட்டிங் சாஃப்ட்வேர் இருக்கு. இலவசமா ஒண்ணு கிடைக்குது, ஆனா வீடியோ மேல அந்தக் கம்பெனிக்காரன் தன் பேரை ஒட்டிடுவான். சந்தா கட்டுறதுல இரைச்சல் நீக்கம்னு ஒரு வசதி இருக்கு. பதிவுல யார் யார் குரல் இருக்குன்னு பிரிச்சுக் காட்டும். எது இரைச்சல்னு நீங்கதான் சொல்லணும்."

"அதைச் சொல்லத்தானே வந்திருக்கேன்."

"நான் இரைச்சலா?" என்றாள் அவள்.

"பின்ன? சங்கீதமா?"

"நான் சொல்லலேன்னா போன வாரம் பெடலை இடம் வலம் மாத்தி மாட்டியிருப்பீங்க!"

"கடையில வெச்சு மானத்தை வாங்காதடி!"

"இருந்தாத்தானே வாங்குறதுக்கு."

இருவரும் மூச்சு வாங்க நின்றபோது கடைக்காரன் மெல்லச் சொன்னான்: "மைக்கையும் ஒரு கேமராவையும் ஆன்ல வெச்சிருந்தேன்ணே. இதையே சோதிச்சுப் பார்த்துடலாமா?"

திரையில் இரண்டு கோடுகள் துடித்தன. ஒன்றை அழித்துவிட்டு வீடியோவை ஓட்டினான். அவள் குரல் துடைத்து எடுத்ததுபோல் போயிருந்தது. படத்தில் மெக்கானிக் மட்டும் நின்றான். வெறும் சுவரைப் பார்த்து, "பின்ன? சங்கீதமா?" என்றான். யாரோ அறைந்ததுபோல் முகத்தைச் சுருக்கினான். பிறகு அதே சுவரிடம் மானத்தைப் பற்றிக் கத்தினான்.

கடைக்காரனால் அடக்க முடியவில்லை. "அண்ணே, தப்பா நினைக்காதீங்க... பேய் பிடிச்ச மாதிரி இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. போடு பில்லை."

மூலையில் சாய்த்து வைத்திருந்த முக்காலி ஸ்டாண்டைக் காட்டினாள். "அதையும் சேர்த்துக்க, தம்பி. இனி என் கை எதுக்கு?"

மறுநாள் காலை பட்டறையில் போன் முக்காலியில் ஏறியது. மெக்கானிக் மைக்கைச் சட்டையில் மாட்டிக்கொண்டு, பஞ்சர் ஒட்டிய பின்சக்கரத்தைத் திரும்பப் பூட்டும் விதத்தை விளக்கினான். அவள் பின்னால் நின்றாள். சங்கிலியைச் சரியாகத்தான் மாட்டினான். ஆனால் சக்கரத்தின் இரண்டு நட்டுகளையும் விரலால் திருகியதோடு விட்டுவிட்டான், ஸ்பானர் போட்டு இறுக்கவில்லை. அவள் தொண்டை வரை வந்த வார்த்தையைப் பல்லைக் கடித்து நிறுத்தினாள்.

"அவ்வளவுதான்! குழந்தை கூட ஓட்டலாம்" என்று சைக்கிளைத் தூக்கி, தரையில் தட்டிக் காட்டினான்.

சக்கரம் கழன்று சங்கிலியை இழுத்துக்கொண்டு அவன் காலில் விழுந்தது.

"பார்த்துட்டுத்தானே நின்ன? வாயில பூட்டா போட்டிருக்க?"

"இரைச்சல் வேண்டாம்னு பணம் கட்டியிருக்கீங்களே."

அவன் மைக்கைப் பிடுங்கி மேசை மேல் எறிந்துவிட்டு, காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் அதை எடுத்துத் தன் கழுத்தோரம் மாட்டிக்கொண்டாள். முக்காலிக்கு முன்னால் வந்து, சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஸ்பானரை எடுத்தாள்.

"பின்னாடி பேசுற அக்கா நான்தான். இந்த நட்டை இறுக்காம விட்டா என்ன ஆகும்னு இப்பப் பார்த்தீங்க. இனி இறுக்குற விதத்தைப் பாருங்க."

"ஏய்! யாரைக் கேட்டு முன்னாடி வந்த? என் சேனல்டி அது! நிறுத்துறியா இல்லையா?"

அவள் நிறுத்தவில்லை. கடைசி நட்டு வரை இறுக்கிவிட்டுத்தான் எழுந்தாள்.

அன்று மாலை சாஃப்ட்வேரைத் திறந்தபோது திரையில் அதே இரண்டு கோடுகள் வந்தன. எந்தக் குரலை நீக்க வேண்டும் என்று அது மரியாதையாகக் கேட்டது. அவள் விரல் அவனுடைய கோட்டின் மேல் போய் நின்றது. ஒரு அழுத்து அழுத்தினால் போதும், அவன் வாய் மட்டும்தான் அசையும்.

விரலை எடுத்துக்கொண்டாள். எதையும் நீக்கவில்லை. அவன் கத்தியது ஒரு சொல் குறையாமல் அப்படியே ஏறட்டும் என்று பதிவேற்றும் பொத்தானை அழுத்தினாள்.