கட்டை விரல் தேய்ந்த கேமரா

கேமரா கடைக்குள் கால் வைப்பதற்கு முன்பே, கடைக்காரன் ஏமாற்றுக்காரன் என்று எக்ஸ்ரே அம்மா முடிவு கட்டிவிட்டாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. சட்டை தைக்கும் தொழிற்சாலையின் வாசலில் நின்று, வேலை முடிந்து போகும் பெண்களின் பைகளை இருபத்தாறு வருடமாகச் சோதிப்பவள் அவள். சோற்றுப் பாத்திரத்துக்கு அடியில் ஒரு பொத்தான் போனாலும் விரல் கண்டுபிடித்துவிடும். அதற்குக் கிடைத்த பட்டம் இது. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

மருமகள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. இதுவரை எதையும் வாய் திறந்து கேட்டதில்லை. போன வாரம்தான் கேட்டாள், கேமரா ஒன்று வாங்கி, பிறந்த குழந்தைகளைப் படம் எடுத்துக் கொடுக்கும் வேலை செய்யட்டுமா என்று.

"இதுக்கு முன்னாடி கேமரா வச்சிருந்தியா?"

"இல்ல அத்தை, இதுதான் முதல்" என்றாள், ஒரு நொடி தாமதமாக.

அந்த ஒரு நொடி மாமியாரின் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. மகனோ, "அம்மா பாத்து சரின்னா சரி" என்று நைசாகக் கழன்றுகொண்டான். ஆக, இவள் தலையசைத்தால்தான் கேமரா. இவளுக்கோ கேமராவைவிட, வீட்டுக்கு வந்த பெண் பொய் சொல்கிறாளா இல்லையா என்பதுதான் தெரிந்தாக வேண்டும்.

கடைக்காரன் கண்ணாடி போட்ட ஒல்லி ஆள். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு என்று பெட்டி பெட்டியாக எடுத்து வைத்தான்.

"இது லென்சுக்கு முன்னாடி மாட்டற ஃபில்டர்மா. கீறல் விழாது."

"அதுக்குத்தான் மூடி இருக்கே?"

"படம் எடுக்கறப்ப மூடியைக் கழட்டணும்லமா."

"எடுத்து முடிச்சதும் மூடுவா. வேண்டாம், உள்ள வைங்க. அது என்ன, மூணு காலோட?"

"டிரைபாட். கேமரா ஆடாம நிக்கும்."

"பிறந்த குழந்தைக்கு ரெண்டு காலே இன்னும் நிக்கல. இதுக்கு மூணு காலா?"

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, புதுக் கேமராக்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். ஒன்று கனம் என்றாள். இன்னொன்றில் பிடி சின்னது, சுண்டு விரல் வெளியே தொங்குகிறது என்றாள். வாய் என்னவோ இதைப் பேசியது, கண் உள் அலமாரிக்கே போய்ப் போய் வந்தது. கடைக்காரனும் அதைப் பார்த்தான். இருவரும் கண்ணாலேயே ஏதோ பேசிக்கொள்வதை எக்ஸ்ரே அம்மா பார்த்தாள். சரிதான், இரண்டும் கூட்டுக் களவாணிகள் என்று நினைத்துக்கொண்டாள்.

"பழசு ஒண்ணு இருக்கு, காட்டட்டுமா?" என்று உள்ளிருந்து ஒரு கேமராவை எடுத்து வந்தான்.

"யாரோடது?"

"ஒரு டாக்டரோடதும்மா. நல்ல உயரமான மனுஷன். ஆறு மாசம்தான் வச்சிருந்தார். பெரிய கை, இது அவருக்குப் பத்தல."

பொய்க்குத்தான் இத்தனை அலங்காரம் தேவைப்படும். எக்ஸ்ரே அம்மா கேமராவைத் திருப்பி, கட்டை விரல் பதியும் ரப்பரைத் தடவினாள். வழவழவென்று தேய்ந்திருந்தது.

"ஆறு மாசத்துல இப்படித் தேயுமா?"

"டாக்டர் நிறைய படம் எடுப்பாரும்மா."

"அப்ப நோயாளிங்களை யார் பாத்தா?"

கடைக்காரன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். அதற்குள் மருமகள் கேமரா வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். குனிந்துகூடப் பார்க்கவில்லை, விரல் தானாகப் போய் அதை உயிர்ப்பித்தது. எக்ஸ்ரே அம்மா பார்த்தது விரலை அல்ல, வாரை. அடுத்தவர் பை யார் தோளிலும் சரியாக உட்காராது. ஒன்று இடுப்புக்குக் கீழே தொங்கும், இல்லாவிட்டால் அக்குளுக்குள் ஏறும். வாசலில் எத்தனையோ திருட்டை அவள் பிடித்தது அந்த அளவை வைத்துத்தான். இந்த வாரோ, ஐந்தடிகூட இல்லாத இந்தப் பெண்ணுக்கு அளந்து தைத்ததுபோல் இருந்தது.

"தம்பி, உங்க உயரமான டாக்டர் வாரை மட்டும் என் மருமக உயரத்துக்கு வச்சிருந்தாரா?"

கடைக்காரன் மருமகளைப் பார்த்தான்.

"அவரைத் திட்டாதீங்க அத்தை. அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். இது என்னோட கேமரா. நிச்சயம் ஆனதும் இங்க வந்து வித்துட்டேன்."

"ஏன்? நான் கூடாதுன்னு சொன்னேனா?"

"நீங்க எதுவும் சொல்லல. என் சித்தி உங்க தொழிற்சாலையிலதான் தைக்கிறாங்க. 'அந்தம்மா வீட்டுக்கா போற? ஒரு குண்டூசிக்கும் பதில் சொல்லணும்டி'ன்னாங்க. எனக்குப் பயமாயிடுச்சு. அப்புறம் நான் வந்த அன்னிக்கே நீங்க என் பெட்டியைப் பிரிச்சீங்க. பெட்டிக்கு அடியில தச்சிருக்கற துணி வரைக்கும் அமுக்கிப் பாத்தீங்க."

"துணி அடுக்கி வைக்கத்தானே பிரிச்சேன்?"

சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது. துணி அடுக்குகிறவள் அடித்துணியை எதற்கு அமுக்க வேண்டும்?

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள், குரல் இறங்கி.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் அத்தை. நீங்க கேக்கல. தேடினீங்க."

எக்ஸ்ரே அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. வாசலில் பிடிபட்ட பெண்கள் தலை குனிந்து நிற்பார்களே, அப்படி நின்றாள். கள்ளத்தைச் சரியாகத்தான் பிடித்திருந்தாள். பிடித்த பிறகு பார்த்தால், சோதனையில் மாட்டியது அவளுடைய பையேதான்.

"கொஞ்ச நாள் யாருக்கும் விக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்கம்மா" என்றார் கடைக்காரர் மெதுவாக. "அதான் உள்ளயே வச்சிருந்தேன். கார்டைக்கூடத் தொடல. பழைய படம் எல்லாம் அப்படியே இருக்கு."

படம் என்றதும் அவள் கை தானாக நீண்டது. இருபத்தாறு வருடப் பழக்கம். பாதி வழியில் அதை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இதையே கொடுத்துடுங்க தம்பி" என்றாள். பிறகு மருமகளிடம், "நீயா காட்டறப்ப பாத்துக்கறேன்" என்றாள்.

"சரி அத்தை."

பஸ் வர அரை மணி நேரம் ஆனது. நிறுத்தத்தின் பெஞ்சில் மருமகள் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எக்ஸ்ரே அம்மா கழுத்தைத் திருப்பவில்லை. சாலையையே பார்த்தபடி, 'அத்தை, இதைப் பாருங்க' என்று ஒரு குரல் வருமா என்று காத்திருந்தாள்.

பஸ் வந்தது. மருமகள் கேமராவைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.