கேட்கக் கூடாத சங்கம்

ஸை நூ ஒமேகா என்னும் சகோதரிகள் சங்கத்தில் சேர விரும்புகிறவள் அந்த விருப்பத்தை வெளியே சொல்லக் கூடாது. இது எங்கும் எழுதி ஒட்டப்பட்டதில்லை. ஆனால் அலபாமாவில் கல்லூரிக்குப் போன கறுப்பினப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். சங்கத்தார் நடத்தும் விழாவில் நாற்காலி தூக்கிப் போடலாம், வாக்காளர் பதிவுக்கு வெயிலில் நின்று ஆள் சேர்க்கலாம். "நானும் உங்களோடு சேர வேண்டும்" என்று மட்டும் ஊரறியப் பேசக் கூடாது. பேசினவளுக்கு அழைப்பு வராது. ஏன் வரவில்லை என்று அவர்களும் சொல்ல மாட்டார்கள், அவளும் கேட்கக் கூடாது.

ஜொவெட்டா டில்லரிக்கு இது தெரியும். பள்ளிக்கூடச் சமையலறையைத் தவிர வேறெங்கும் வேலை பார்த்திராத அவள் அம்மா லர்லீனுக்குத் தெரியாது.

ஜொவெட்டா படித்த கார்வின் கல்லூரியில் சங்கத்துக்குக் கிளை இல்லை. அங்கே கறுப்பினப் பெண்கள் திசைக்கு ஒருத்தியாகக் கிடந்தார்கள். முதல் வருடம் அவள் காய்ச்சலில் அறையிலேயே சுருண்டு கிடந்தபோது கதவைத் தட்ட ஒரு ஆள் இல்லை. எழுந்து நடமாடத் தொடங்கியதும் கிளை ஒன்றைக் கொண்டுவந்தே தீருவது என்று முடிவு செய்தாள். துணி துவைக்கும் அறையில் ஒருத்தி, வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஒருத்தி என்று காதும் காதும் வைத்தாற்போல் பார்த்துப் பார்த்துச் சேர்த்தாள். மாணவர் நலத் தலைவரின் அறைவாசலில் உட்கார்ந்து உட்கார்ந்தே அனுமதி வாங்கினாள். கடைசியில் கல்லூரி எழுதிய கடிதத்துக்குச் சங்கத் தலைமையிடமிருந்து பதில் வந்தது. கிளை தொடங்கலாம், ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மூத்த உறுப்பினரான திருமதி ஆர்னெட்டா ஃபிப்ஸுக்கு.

ஃபிப்ஸ் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. ஜொவெட்டாவிடம் சங்கத்தின் பெயரைக்கூட அவர் சொன்னதில்லை. "அந்த விஷயம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

சந்தோஷம் தாங்காமல் ஜொவெட்டா அம்மாவிடம் மட்டும் சொன்னாள். "யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதம்மா."

"நான் யார்கிட்டடி சொல்லப் போறேன்?" என்றாள் லர்லீன். கர்ப்பமான பெண்ணைப் பற்றி முதல் மாதத்தில் வாயைத் திறக்காமல் இருப்பார்களே, அந்த மாதிரி ரகசியம் என்று எடுத்துக்கொண்டாள். அந்நியரிடம் சொல்லக் கூடாது. தேவாலயச் சபை அந்நியமா என்ன?

அந்த ஞாயிறு அவர்கள் சபையில் பெண்கள் தினம். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் தொப்பி வைத்த அம்மாமார் வந்திருந்தார்கள். விடுமுறைக்கு வந்திருந்த ஜொவெட்டா பாடகர் குழுவில் நின்றாள். மூன்றாவது வரிசையில் ஃபிப்ஸ் உட்கார்ந்திருப்பதை அங்கிருந்தே பார்த்துவிட்டாள். ஜெப விண்ணப்பங்கள் உண்டா என்று போதகர் கேட்டார். லர்லீன் எழுந்தாள்.

"போதகரையா, ஒரே ஒரு வார்த்த."

"லர்லீன் சகோதரி ஒரு வார்த்தையில முடிச்சதா சரித்திரமே இல்ல" என்றார் போதகர். சபை சிரித்தது.

"எம் மக ஜொவெட்டா, அந்தா நிக்கிறாளே, அவ கல்லூரியில ஸை நூ ஒமேகாவுக்குக் கிளை தொடங்கப் போறா. சீக்கிரமே அவளும் அந்தச் சகோதரிகள்ல ஒருத்தி ஆயிடுவா. அவளுக்காக எல்லாரும் ஜெபிச்சுக்கங்க. எங்க வீட்ல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு அவதான்."

சபை முழுக்க "ஆமென்" என்றது. ஜொவெட்டா அம்மாவைப் பார்த்து வேண்டாமென்று தலையை அசைத்தாள். அம்மா அதைக் கூச்சம் என்று நினைத்து, "வெக்கப்படுறா பாருங்க" என்று இன்னும் சத்தமாகச் சொன்னாள். அங்கியோடு நடுவரிசையில் நிற்கிறவள் எங்கே இறங்கி ஓடுவாள்? அடுத்த பாட்டுக்கு ஆர்கன் தொடங்கியது. வாயைத் திறந்து பாடினாள்.

ஆராதனை முடிந்து வாசலில் ஃபிப்ஸ் அவள் கையைப் பிடித்து, "நல்லாப் பாடினேம்மா" என்றார். முகத்தில் கோபம் துளியும் இல்லை. கோபம் இருந்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்.

நேர்காணலுக்கு அழைப்புகள் வந்தன. ஜொவெட்டா சேர்த்த பெண்கள் ஒவ்வொருத்திக்கும் வந்தது. அவளுக்கு வரவில்லை. அறைத்தோழி கியேரா வெள்ளைச் சட்டையைத் தேய்த்தபடி, "ஏய் தலைவி, உன் சட்டைய யாரு தேய்ப்பா, உன் புருஷனா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். ஜொவெட்டாவின் முகத்தைப் பார்த்ததும் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"உனக்கு வரலையா?"

ஜொவெட்டா மடித்து வைத்திருந்த துணியை மறுபடி மடித்தாள்.

"நீ இல்லாம நாங்க எப்பிடிடீ? நான் போய் அவங்ககிட்டக் கேக்கட்டுமா?"

"கேட்டா உன்னையும் சேத்து ஒதுக்கிருவாங்க. போ. சட்டையத் தேய்ச்சு முடி."

கியேரா தேய்ப்புப் பெட்டியை அணைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "அடுத்த வருஷம் மறுபடி எடுப்பாங்க. அதுவரைக்கும் நீ கம்முனு இரு. உங்கம்மாவும் கம்முனு இருக்கணும்" என்றாள். அதற்குப் பின் மாலைகளில் அவள் எங்கே போகிறாள் என்று ஜொவெட்டா கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல அவளுக்கு அனுமதியில்லை.

அம்மா தொலைபேசியில் பேசினாள். "ரகசியமா வச்சுக்கணும்னு இப்பத்தான் ஒருத்தி சொன்னா. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். சாப்பிட்டியா? அதத்தான் கேட்டேன், வேற எதுவும் கேக்கல." சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டாள். உண்மையைச் சொல்ல ஜொவெட்டா பலமுறை வாயெடுத்தாள். சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டும். "சாப்பிட்டேம்மா" என்று வைத்துவிடுவாள்.

புது உறுப்பினர்களை ஊருக்குக் காட்டும் நாள் வந்தது. நூலகத்தின் முன் புல்வெளியில் கூட்டம் நெரிந்தது. ஊதாநிற உடுப்பும் முகமூடியுமாக, ஒருத்தி தோளை ஒருத்தி ஒட்டி, ஒரே காலடியாக அந்தப் பெண்கள் வந்தார்கள். ஜொவெட்டா படிக்கட்டின் மேலே நின்றிருந்தாள். முன்வரிசையில் அம்மாவின் தொப்பி தெரிந்தது. கையில் பூங்கொத்து.

"நாலாவது நிக்கிறவ எம் மக" என்று லர்லீன் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "முகத்த மூடினா என்ன, நடை தெரியாதா எனக்கு?"

முகமூடிகளைக் கழற்றப் போகிறார்கள். ஜொவெட்டா கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு போய் அம்மாவின் முழங்கையைத் தொட்டாள்.

லர்லீன் திரும்பி அவளைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள்.

"நீ ஏன் இங்க நிக்கிற?"

"என்னை எடுக்கலம்மா."

"எடுக்கலையா? நீதானடி எல்லாத்தையும் தொடங்குன. ஏன் எடுக்கல?"

நாலாவது பெண் முகமூடியைக் கழற்றினாள். கியேரா. கூட்டம் ஆர்ப்பரித்தது.

"சும்மாதாம்மா. மார்க் கொஞ்சம் பத்தல."

"உனக்கா மார்க் பத்தல?" லர்லீனின் கண்கள் கூட்டத்தைத் துழாவின. வரிசையோரம் வெள்ளிநிறத் தொப்பியில் நின்ற ஃபிப்ஸைக் கண்டுகொண்டன. "இரு. அந்தம்மாவ நம்ம சபையில பாத்திருக்கேன். சங்கத்து ஆளு போல, நல்ல மனுஷி. நான் போய் ரெண்டு வார்த்த கேட்டுட்டு வர்றேன்."

"வேண்டாம்மா."

"எதுக்கு வேண்டாம்? பெத்தவ கேட்டா என்ன தப்பு?"

ஜொவெட்டா அம்மாவின் சட்டைக்கையை இறுகப் பிடித்தாள். நிறுத்துவதற்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். பூங்கொத்தை மகளிடம் கொடுத்துவிட்டு, தொப்பியை நேராக்கிக்கொண்டு, போருக்குப் போகிறவள்போல் நிமிர்ந்து நின்ற அம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. அவள் விரல்கள் தளர்ந்தன.

லர்லீன் போனாள். "கொஞ்சம் வழி விடுங்க, எம் மக விஷயமாப் பேசணும்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டே, கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். ஃபிப்ஸ் அவளைப் பார்த்துவிட்டார். புன்னகையோடு கையை நீட்டினார்.